ஓவர்கிளாக் செய்த கணினிக்கு எந்தக் கூலிங்: பெரிய ஏர் கூலரா, ஏஐஓவா, கஸ்டம் லூப்பா?

வாட்டர் கூலிங் வாங்கக் கிளம்புபவர்களின் கண் முதலில் போவது ரேடியேட்டர் அளவின் மேல். 240 மி.மீ. போதுமா, 360 வேண்டுமா என்று அங்கிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு: பிராசஸர் முழுச்சுமையில் எத்தனை வாட் இழுக்கிறது, அந்தச் சூடு வெளியே போகும் வழியில் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த இரண்டும் தெரியாமல் வாங்கிய 420 ரேடியேட்டர், பல கணினிகளில் 240 செய்யும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 150 வாட்டுக்குள் நிற்கும் ஓவர்கிளாக்குக்கு (பிராசஸரைத் தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) இரட்டைக் கோபுர ஏர் கூலரே போதும். 180 முதல் 280 வாட் வரை 280 அல்லது 360 அளவு ஏஐஓ (ஆலையிலேயே நிரப்பி மூடி வரும் வாட்டர் கூலர்). பிராசஸருக்கு மட்டும் கஸ்டம் லூப் (உருப்படிகளைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைக்கும் வாட்டர் கூலிங்) போடுவது, குளிர்ச்சிக்காக என்றால், செலவுக்கும் உழைப்புக்கும் ஈடாகாது. கிராஃபிக்ஸ் கார்டும் அதே லூப்பில் சேரும்போதுதான் அதற்கு அர்த்தம் வருகிறது. இடைப்பட்ட 150 முதல் 180 வாட் வரை எதை எடுத்தாலும் தவறில்லை. கேபினெட்டில் எது உட்காரும் என்பதே அங்கே தீர்மானிக்கும்.

வாட் எவ்வளவு?

பிராசஸர் செலவிடும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்க அளவில் ஏறும். 5.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் 150 வாட் இழுக்கும் ஒரு பிராசஸரை 5.3-க்கு ஏற்றுவதற்கு 1.35 வோல்ட் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடியது 6 சதவீதம். வாட் 150-லிருந்து 201-க்குப் போய்விடும். சூடு ஏற ஏறச் சிலிக்கானில் கசியும் மின்னோட்டமும் கூடுவதால் உண்மையில் இதற்கும் கொஞ்சம் மேலேயே நிற்கும். கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கேட்கும் வோல்டேஜ்தான் கூலரின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த ஒரு படியை விட்டுக்கொடுத்தால் கூலரில் ஒரு அளவு குறைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிடிபி (கூலரின் தேவையைக் குறிக்க நிறுவனம் தரும் வாட்) எண்ணை நம்பி வாங்காதீர்கள். கோர் ஐ9 14900கே-யின் அடிப்படை எண் 125 வாட். டர்போவில் அதன் வரம்பு 253 வாட். ரைசன் 9 7950எக்ஸ்-க்கு டிடிபி 170, சாக்கெட் வழியே போக அனுமதிக்கும் மின்சாரம் 230 வாட். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கம்) வரம்புகளைத் தளர்த்திவிட்டால் இன்டெல் சில்லு 300 வாட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சொந்த எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, இப்போதிருக்கும் கூலரோடு சினிபெஞ்ச் என்ற சுமைச் சோதனையை ஓடவிட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'சிபியூ பேக்கேஜ் பவர்' வரியைப் பார்ப்பது. விளையாட்டுக்கு மட்டும் என்றால் அந்த விளையாட்டையே ஓடவிட்டுப் பாருங்கள். எல்லாக் கோரும் ஓடும்போது 250 வாட் இழுக்கும் பிராசஸர் விளையாட்டில் 100-ஐ ஒட்டி நிற்பது சகஜம். அப்படியானால் வாங்க வேண்டியது 100 வாட்டுக்கான கூலர்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. அளவுக்கு மீறிய வோல்டேஜால் சில்லு மெல்லக் கெடும் கோளாறுக்கு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (சில்லுக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்கள் வந்தன. அவை அடங்கிய பயாஸை ஏற்றிய பிறகே ஓவர்கிளாக் பேச்சு. எந்தக் கூலிங்கும் அந்தக் கோளாறைத் தடுக்காது.

சூடு எங்கே முட்டுகிறது?

சிலிக்கான் சில்லு, அதன் மேல் உலோக மூடி, தெர்மல் பேஸ்ட், பிளாக்கின் (பிராசஸர் மேல் உட்காரும், நீர் ஓடும் பகுதி) செப்புத் தகடு, கூலன்ட் (லூப்பில் ஓடும் நீர்), ரேடியேட்டர், அறைக் காற்று: சூடு போகும் வரிசை இது. ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் குறைவது கூலன்டுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள இடைவெளி மட்டும். அதற்கு முந்தைய படிகளில் தேங்கும் சூடு இம்மியும் நகராது.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை 25 டிகிரி, பிராசஸர் 250 வாட். சுமார் 1,300 ஆர்பிஎம்மில் சுற்றும் ஃபேன்களோடு ஒரு 360 ரேடியேட்டர் கூலன்டை அறையைவிட ஏறத்தாழ 12 டிகிரி மேலே, அதாவது 37-இல் நிறுத்தும். கூலன்டிலிருந்து சில்லு வரை இன்னொரு 50 டிகிரி ஏறினால் சில்லு 87. இப்போது ரேடியேட்டர் பரப்பை இரட்டிப்பாக்குங்கள். 12 என்பது 6 ஆகும். அந்த 50 அப்படியே இருக்கும். சில்லு 81. இரண்டாவது 360 ரேடியேட்டர், மூன்று ஃபேன், இரண்டு ஃபிட்டிங் (ட்யூபைத் துளையோடு இணைக்கும் முனை), கூடுதல் ட்யூப் எல்லாம் சேர்ந்து தந்தது 6 டிகிரி. அதை வைத்து இன்னொரு 100 மெகாஹெர்ட்ஸ் நிலையாக நிற்குமா என்பதே சந்தேகம்.

ஒவ்வொரு சில்லுக்கும் அந்த 50 வேறுபடும். ரைசன் 7000 வரிசையில் கோர்கள் இருக்கும் சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மி.மீ. அதில் 120 வாட் போனால் சதுர மி.மீ.-க்கு 1.7 வாட். இன்டெல் 13900கே-யின் சில்லு சுமார் 257 சதுர மி.மீ.; 250 வாட் போனாலும் சராசரி 1 வாட் அளவில்தான். அதனால்தான் பாதி வாட் இழுக்கும் எட்டு கோர் ரைசன், இன்டெல்லுக்கு நிகரான டிகிரியைக் காட்டிக் கலவரப்படுத்துகிறது. அதற்கு ரேடியேட்டரை மாற்றிப் பயனில்லை. ஏஎம்5 (ரைசன் 7000 உட்காரும் சாக்கெட்) பிராசஸர்களில் கோர் சில்லு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. பிளாக்கின் மையத்தை அந்தப் பக்கம் சில மி.மீ. நகர்த்தும் ஆஃப்செட் மவுன்ட் உள்ள கூலரைத் தேர்ந்தால் ஓரிரண்டு டிகிரி சும்மாவே குறையும். நாக்டுவாவும் ஆர்க்டிக்கும் இதற்கான பட்டையைத் தருகின்றன.

ரைசன் 7000 தன் போக்கில் 95 டிகிரி வரை ஏறி, அங்கே முட்டியபிறகே வேகத்தை மட்டுப்படுத்தும்படி வடிவமைக்கப்பட்டது. நல்ல கூலர் போட்டாலும் எண் இறங்காமல், வேகம் மட்டும் சற்றுக் கூடுவதைப் பார்க்கலாம். இது கூலரின் குறையல்ல. இங்கே கர்வ் ஆப்டிமைசரில் (ஏஎம்டி பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்கும் அமைப்பு) ஒவ்வொரு கோருக்கும் 15, 20 படிகள் கழித்துப் பார்ப்பது, பெரிய ரேடியேட்டரைவிட அதிகம் தரும், காசும் ஆகாது.

கூலர் ஏற்கெனவே கையில் இருந்தால், பிரச்சினையைக் கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி கூலன்டின் வெப்பநிலை. பல ஏஐஓக்கள் அதை மென்பொருளில் காட்டும். கஸ்டம் லூப்பில் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் (வெப்ப உணரி) ஒன்றைச் செருகினால் போதும். அறை 25, கூலன்ட் 33, சில்லு 97 என்றால் ரேடியேட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. பேஸ்ட் சரியாகப் பரவவில்லை, பிளாக் சரிவாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது உள்ளே நுண்துடுப்புகள் அடைத்திருக்கின்றன. அதே 97 டிகிரியில் கூலன்ட் 52 என்றால் குற்றவாளி ரேடியேட்டர் பக்கம்: தூசி, தலைகீழாக மாட்டிய ஃபேன், காற்றே நுழையாத முன்பலகை. சில்லு 97, கூலன்ட் 26, பம்ப் வேகம் பூஜ்யம் என்றால் பம்ப் நின்றுவிட்டது. சூடு பிளாக்கை விட்டு நகரவே இல்லை.

இன்னொன்று. நீர் எவ்வளவு ஓடினாலும் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. அறை 35 டிகிரி என்றால் மேலே சொன்ன 87 அப்படியே 97 ஆகும். அதனால் கூலர்களை ஒப்பிடும்போது சில்லின் எண்ணிலிருந்து அறை வெப்பத்தைக் கழித்த வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

ஏர் கூலர்

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நாக்டுவா என்எச்-டி15 போன்ற இரட்டைக் கோபுரக் கூலர் 200 வாட்டை ஒட்டிய சுமையையும் பெரிய சில்லில் சமாளிக்கும். பம்ப் இல்லை, கசிவு இல்லை. பத்து ஆண்டு கழித்தும் மாற்ற வேண்டியது ஃபேன் மட்டும். மதர்போர்டின் விஆர்எம் (பிராசஸருக்கு வோல்டேஜைச் சீராக்கித் தரும் பகுதி) மீதும் ரேம் மீதும் அதன் காற்றில் கொஞ்சம் போய்ச் சேரும் என்பது ஓவர்கிளாக்கில் சின்ன விஷயமல்ல.

இடம்தான் அதன் பலவீனம். என்எச்-டி15-இன் உயரம் 165 மி.மீ. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மி.மீ.-இல் அடங்கும். கேபினெட்டின் விவரக்குறிப்பில் 'சிபியூ கூலர் உயரம்' 160 என்று இருந்தால் முதலாவது உட்காராது. உயரமான ரேம் போட்டால் முன்ஃபேனை மேலே நகர்த்த வேண்டிவரும், அப்போது உயரம் இன்னும் கூடும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கூலரோடு கணினியை வண்டியில் கொண்டுபோகும் பழக்கம் இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

கார்டின் சூட்டைக் கூலர் அப்படியே இழுப்பது இன்னொரு குறை. 450 வாட் கிராஃபிக்ஸ் கார்டு கக்கும் காற்று நேரே மேலே வந்து கோபுரத்துக்குள் போகும். திறந்த மேசையில் எடுத்த அளவீடுகளில் ஏர் கூலரும் ஏஐஓவும் நெருங்கி நிற்பதும், மூடிய கேபினெட்டில் விளையாடும்போது விலகிப்போவதும் இதனால்தான்.

ஏஐஓ

பம்ப், பிளாக், ட்யூப், ரேடியேட்டர் எல்லாம் ஆலையிலேயே இணைத்து நிரப்பி மூடி வருவது ஏஐஓ. அளவுகளின் பரப்பைக் கணக்கிட்டால் ஒரு விஷயம் வெளிச்சமாகும். 240-க்கு 288 சதுர செ.மீ., 280-க்கு 392, 360-க்கு 432, 420-க்கு 588. அதாவது 280 என்பது 240-ஐவிட 36 சதவீதம் பெரியது. 360-க்கு அது பத்து சதவீதம்கூடக் குறையவில்லை. 140 மி.மீ. ஃபேன் அதே காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளும். கேபினெட் இடம் கொடுத்தால் 280-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பலரும் அதை எட்டிப்பார்க்காமலே 360-க்குத் தாவிவிடுகிறார்கள். 240 அளவு ஏஐஓவை ஓவர்கிளாக்குக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. நல்ல ஏர் கூலர் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும், பம்ப் சத்தமும் இல்லாமல்.

வாங்கும் முன் டேப் எடுத்து அளந்து பாருங்கள். '360' என்பது ஃபேன்களின் நீளம் மட்டும். முனைத் தொட்டிகளோடு ரேடியேட்டர் 395 முதல் 400 மி.மீ. வரை வரும். தடிமன் பொதுவாக 27 மி.மீ.; ஃபேன் 25 சேர்ந்து 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3-இல் ரேடியேட்டரே 38 மி.மீ. என்பதால் மொத்தம் 63. மேல்பலகையில் மாட்டினால் இந்த அளவு விஆர்எம் ஹீட்சிங்கிலும் ரேமிலும் இடிக்காமல் இருக்க வேண்டும்.

எங்கே மாட்டுவது என்பதில் ஒரே ஒரு கட்டாய விதி: லூப்பின் உச்சிப் புள்ளி பம்ப்பாக இருக்கக் கூடாது. மூடிய லூப்பிலும் கொஞ்சம் காற்று உண்டு. ட்யூப் சுவர் வழியாக ஆண்டுக்காண்டு நீராவி வெளியேற, அந்தக் காற்று கூடும். காற்று எப்போதும் மேலே தேங்கும். ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் மாட்டினால் அது பிளாக்கில் இருக்கும் பம்ப்புக்கு வரும். முதலில் களகளச் சத்தம், பிறகு பம்ப் தேய்மானம். மேல்பலகையில் மாட்டுவது இந்த வகையில் பத்திரம். முன்பக்கம் மாட்டினால் ட்யூப் இணையும் முனை கீழே வரட்டும், ட்யூப் எட்டினால். எட்டாவிட்டால் ட்யூப் முனை மேலே இருந்தாலும், ரேடியேட்டரின் மேல்விளிம்பு பிளாக்கைவிட உயரத்தில் நின்றால் சமாளிக்கலாம்.

முன்பக்கமா மேலேயா என்பதில் யாருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பதும் உண்டு. முன்பக்கம் என்றால் பிராசஸருக்கு வெளிக்காற்று கிடைக்கும், கார்டுக்கு வெதுவெதுப்பான காற்று. மேலே என்றால் நேர்மாறு. விளையாட்டுக் கணினியில் அதிக வாட் கார்டில்தான். எனவே மேலே மாட்டுவதே சரி. நாள் முழுக்க ரெண்டரிங் ஓடும் கணினிக்கு முன்பக்கம்.

மாட்டும்போது திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள் இவைதான். செப்புத் தகட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமல் விடுவது. ஒரு திருகை முழுக்க முடுக்கிவிட்டு மற்றதற்குப் போவது. குறுக்கு வரிசையில் ஒவ்வொன்றாக அரைச் சுற்று முடுக்க வேண்டும். பம்ப் வயரை 'சிபியூ ஃபேன்' முனையில் செருகிவிட்டு அதன் வேகம் வெப்பத்தோடு ஏறி இறங்க விடுவது. பம்ப்பை அதற்கென உள்ள முனையில் செருகி ஒரே வேகத்தில் நிறுத்துங்கள், ரேடியேட்டர் ஃபேன்களைச் 'சிபியூ ஃபேன்' முனையில் இணையுங்கள். அந்த முனை காலியாக இருந்தால் பல மதர்போர்டுகள் பிழை காட்டி நின்றுவிடும்.

ஏஐஓவின் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம், பிளாக்கின் தகடு செம்பு. இரண்டும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கும். உள்ளே இருக்கும் அரிப்புத் தடுப்பானும் கிளைகாலும்தான் அதை நிறுத்தி வைக்கின்றன. திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி 'சர்வீஸ்' செய்தால் சில மாதங்களில் வெண்ணிறக் களிம்பு நுண்துடுப்புகளை அடைத்துவிடும். ஏஐஓவைச் சர்வீஸ் செய்யும் பொருளாக நினைக்காதீர்கள். ஐந்து, ஆறு ஆண்டு உத்தரவாதம் தருவது எதுவோ அதை எடுத்து, உத்தரவாதம் முடிந்த ஓரிரு ஆண்டில் மாற்றுவது என்று கணக்கு வையுங்கள். கைமாறி வரும் பழைய ஏஐஓ மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஏஐஓ போட்டதும் விஆர்எம் பக்கம் காற்று வெகுவாகக் குறைந்துவிடும். 250 வாட்டுக்கு மேல் ஓவர்கிளாக் செய்தால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் விஆர்எம் வெப்பத்தையும் பாருங்கள். 100 டிகிரியை நெருங்கினால் பின்பக்க ஃபேனின் வேகத்தைக் கூட்டுவதே முதல் மருந்து.

கஸ்டம் லூப்

கிராஃபிக்ஸ் கார்டு ஏன் இங்கே விஷயத்தை மாற்றுகிறது? ஆர்டிஎக்ஸ் 4090-இன் சில்லு 608 சதுர மி.மீ.; அதில் 450 வாட் என்றாலும் சதுர மி.மீ.-க்கு முக்கால் வாட்தான். அதன் மேல் உலோக மூடியும் கிடையாது. பிளாக் நேரே சிலிக்கான் மேல் உட்காரும். அதனால் கூலன்டிலிருந்து சில்லு வரை 15 டிகிரி அளவில்தான் ஏறும். பிராசஸரில் அது 50. கார்டின் சூடு கிட்டத்தட்ட முழுவதும் ரேடியேட்டர் பக்கமே வந்து நிற்கிறது. அங்கே ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு டிகிரியும் சில்லில் தெரியும், கார்டு ஃபேன்களின் இரைச்சலும் போய்விடும். ஆர்டிஎக்ஸ் 5090-இன் 575 வாட்டை அமைதியாக ஓட்ட வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது.

ரேடியேட்டர் கணக்கு: 120 மி.மீ. பகுதி ஒன்றுக்கு 100 வாட் என்று பொதுவாகச் சொல்வார்கள். மிதமான ஃபேன் வேகத்தில் அது கூலன்டை அறையைவிடச் சுமார் 15 டிகிரி மேலே வைக்கும். அமைதி வேண்டுமென்றால் பகுதிக்கு 70 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 10 டிகிரி. 200 வாட் பிராசஸரும் 450 வாட் கார்டும் சேர்ந்து 650. முதல் கணக்கில் இரண்டு 360 ஒட்டிவரும், இரண்டாவது கணக்கில் மூன்று 360. மூன்றுக்கு இடமில்லாத கேபினெட்டில் 'இரைச்சலே இல்லாத' லூப்பை எதிர்பார்ப்பது வீண். தடித்த 60 மி.மீ. ரேடியேட்டரால் இடப்பற்றாக்குறையை ஈடுகட்டலாமே என்று தோன்றும். மெதுவாகச் சுற்றும் ஃபேனில் 30 மி.மீ.-க்கும் 60-க்கும் வித்தியாசம் சொற்பம்; கூடுதல் தடிமன் வேலை செய்ய ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும். பரப்புக்குத்தான் முதல் இடம்.

தேவையான உருப்படிகள்: பிராசஸர் பிளாக், கார்டு பிளாக், தொட்டியோடு இணைந்த பம்ப், இரண்டு ரேடியேட்டர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு துளை, ஆக ஃபிட்டிங் பத்து. வடிகட்ட ஒரு 'டி' இணைப்பும் வால்வும். ட்யூப் இரண்டரை மீட்டர், கூலன்ட் ஒரு லிட்டர். சின்ன லூப்பில் கொஞ்சம் மிஞ்சும். துளைகளின் மரை எல்லாவற்றிலும் ஜி 1/4 தான், அதில் குழப்பம் வராது. ஃபிட்டிங்கின் அளவு ட்யூபின் உள், வெளி விட்டம் இரண்டோடும் பொருந்த வேண்டும்: 10/16 ட்யூபுக்கு 10/13 ஃபிட்டிங் சேராது. கார்டு பிளாக் வாங்கும்போது கார்டின் சர்க்யூட் போர்டு எது என்று சரிபாருங்கள். ஒரே சில்லு இருந்தாலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் போர்டு மாறும். அடுத்த கார்டு வாங்கினால் அந்த பிளாக் உதவாது என்பதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பிராசஸர் பிளாக் மட்டும் பட்டை மாற்றிப் பல சாக்கெட்டுகளுக்கு வரும்.

பம்ப்பில் டி5, டிடிசி என்று இரண்டு வழிகள். டி5 குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் ஓடும். டிடிசி சிறியது, அழுத்தம் அதிகம், சூடாகும். இடம் இருந்தால் டி5. முழு வேகத்தில் இருபது வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால் ஒரு ஆம்பியர் மட்டும் தரும் சாதாரண ஃபேன் முனையில் அதை ஓட்ட முடியாது. மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) சாட்டா முனையிலிருந்து வரட்டும். மதர்போர்டிலிருந்து வேகக் கட்டுப்பாட்டு வயர் மட்டும்.

நீரோட்டத்தைக் கூட்டுவதில் அநாவசியமாகக் காசைக் கரைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் நீரில் 650 வாட் ஏறினால், போகும் வழிக்கும் வரும் வழிக்கும் சுமார் 9 டிகிரி வித்தியாசம். 4 லிட்டரில் அது 2.3. அதற்கு மேல் ஏற்றிப் பெறுவது பம்ப் சத்தம்தான். இதே கணக்குதான் 'முதலில் பிராசஸரா கார்டா' என்ற வாதத்துக்கும் பதில்: எந்த வரிசையில் இணைத்தாலும் ஓரிரண்டு டிகிரிதான் மாறும். தொட்டி பம்ப்பின் வாய்க்கு நேர் முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவே. மற்றபடி ட்யூப் நேராக ஓடும் வரிசையே நல்ல வரிசை.

ட்யூபுக்கு கறுப்பு இபிடிஎம் ரப்பர், 10/16 அளவு. பார்க்க அழகில்லை என்று பலர் ஒதுக்குவார்கள். தெளிவான பிவிசி ட்யூபை மிருதுவாக்கச் சேர்த்திருக்கும் பொருள் மெல்லக் கூலன்டில் கரைந்து, பிளாக்கின் நுண்துடுப்புகளில் பிசினாகப் படியும். ட்யூப் பால்நிறமாவது அதன் முதல் அடையாளம். 10/13 ட்யூப் மலிவு, ஆனால் வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிபோல வளைத்துப் போடும் கடினக் குழாய்களில் பெட்ஜியை வளைப்பது எளிது. ஆனால் கூலன்ட் 60 டிகிரியை எட்டினால் ஃபிட்டிங் பிடிக்கும் இடத்தில் நெகிழத் தொடங்கும். பம்ப் கோளாறானால் அந்த எண் தூரத்தில் இல்லை. கடினக் குழாயே வேண்டுமென்றால் அக்ரிலிக். ரேமை மாற்றவே பாதி லூப்பைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உலோகத்தில் சமரசம் கிடையாது: செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு. ஒரே ஒரு அலுமினிய உருப்படி நுழைந்தாலும் அரிப்பு தொடங்கும். மலிவான 'முழு கிட்'களில் ரேடியேட்டர் எதனால் ஆனது என்று எழுதாமலிருந்தால் அலுமினியம் என்றே கொள்ளுங்கள். கூலன்டில் தெளிவான, தடுப்பான் கலந்த ஆயத்த வகையே உத்தமம். பால்போல் நிறமுள்ளவற்றில் மிதக்கும் துகள்கள்தான் நிறம் தருகின்றன. ஓட்டம் குறையும் இடமெல்லாம் அவை படியும். படம் எடுக்க ஏற்றவை, ஆண்டுக்கணக்கில் ஓட்ட ஏற்றவையல்ல.

புது ரேடியேட்டரில் பற்றுவைத்த தூளும் ஃப்ளக்ஸும் தங்கியிருக்கும். வெந்நீர் பாதியளவு ஊற்றி இரு துளைகளையும் அடைத்து நன்றாகக் குலுக்கிக் கொட்டுங்கள்; வெளிவரும் நீரில் துகள் தெரியாதவரை திரும்பச் செய்து, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரால் அலச வேண்டும். இதைத் தவிர்த்த லூப்புகளில் பிராசஸர் பிளாக் முதலில் அடைக்கும், ஏனென்றால் லூப்பிலேயே மிக நுண்ணிய வடிகட்டி அதுதான்.

நீர் ஊற்றும் முன் காற்றால் சோதியுங்கள். கைப்பம்ப்பும் மானியும் சேர்ந்த சோதனைக் கருவியில் அரை பார் அழுத்தம் ஏற்றி அரைமணி நேரம் விட்டால் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் லூப்பைப் பாதியாகப் பிரித்து எந்தப் பாதியில் இறங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ரப்பர் வளையம் நழுவியிருக்கும், அல்லது ட்யூபைச் சாய்வாக வெட்டியிருப்பீர்கள். ஃபிட்டிங்கை ஸ்பேனர் போட்டு முடுக்க வேண்டாம். கை இறுக்கமே வளையத்துக்குப் போதும், அதற்கு மேல் போனால் அக்ரிலிக் துளை விரியும்.

நிரப்பும்போது பம்ப்புக்கு மட்டும் மின்சாரம் போக வேண்டும். மதர்போர்டு, கார்டு இரண்டின் வயர்களையும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பிரித்துவிட்டு, 24 முனை இணைப்பில் ஜம்பர் செருகிப் பம்ப்பை ஓட்டுங்கள். தொட்டியை நிரப்பி, பம்ப்பைச் சில வினாடி ஓடவிட்டு, நீர்மட்டம் வெளியேறும் வாய்க்கு மேல் இருக்கும்போதே நிறுத்தி, மீண்டும் நிரப்ப வேண்டும். வறண்டு ஓடும் பம்ப் தன் உராய்வுப் பரப்பைத் தானே தின்றுவிடும். நீர்தான் அதற்கு மசகு. நிரம்பியபின் கேபினெட்டை நாலாபக்கமும் சாய்த்துக் காற்றை விரட்டி, இணைப்புகளுக்குக் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து, சில மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஃபேன் வேகத்தைச் சில்லின் வெப்பத்தோடு இணைக்காதீர்கள். சில்லு ஒரு வினாடியில் 30 டிகிரி ஏறி இறங்கும், ஃபேன்கள் அதோடு சேர்ந்து ஊளையிடும். கூலன்ட் 30-இல் குறைந்த வேகம், 42-இல் முழு வேகம் என்று வைத்தால் காதுக்குத் தெரியாமல் ஏறும். ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி ஏற 4,180 ஜூல் பிடிக்கும் என்பதால் லூப் நிலைக்கு வரவே இருபது, முப்பது நிமிடம் ஆகும். பத்து நிமிடச் சினிபெஞ்சில் அருமையாகத் தெரியும் ஓவர்கிளாக் ஒரு மணி நேர ஓசிசிடி சுமைச் சோதனையில் விழுவதற்குக் காரணம் இதுவே. கேபினெட்டை மூடி, கார்டையும் சேர்த்துச் சுமையேற்றி, கூலன்டின் எண் பத்து நிமிடம் அசையாமல் நின்ற பிறகு வரும் சில்லு வெப்பத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கொரு முறை வடித்து மாற்றுவது கஸ்டம் லூப்பின் நிரந்தரச் செலவு. வடிவால்வு லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருந்தால் அது அரைமணி வேலை. இல்லாவிட்டால் கேபினெட்டைக் கவிழ்த்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அதே ஓட்ட வேகத்தில், அதே வாட்டில், கூலன்டுக்கும் பிராசஸருக்கும் உள்ள இடைவெளி சென்ற ஆண்டைவிட ஏழெட்டு டிகிரி கூடியிருந்தால் முதலில் பேஸ்டைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். அதற்கும் இறங்காவிட்டால் கூலன்டை மாற்றுவதோடு நிறுத்தாமல் பிளாக்கைத் திறந்து மிருதுவான டூத்பிரஷால் துடுப்புகளை அவற்றின் நீளவாக்கில் தேய்த்துக் கழுவ வேண்டும். நிக்கல் பூச்சு இருந்தால் வினிகர் கிட்டேயே போகக் கூடாது.